கேமரா துணைச் சாமான்கள்: புதியவர்கள் பணத்தை விடும் இடங்கள்

சென்னை காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்க வருகிறவர்களோடு கேமராக்காரர்களும் முண்டியடிக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களின் பையை எட்டிப் பார்த்தால், ஆரம்பத்தில் நான் சுமந்த அதே குப்பைதான் இருக்கிறது. லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, பேட்டரிக்கு சார்ஜ் போட மறப்பது போன்றவற்றை எழுதப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானாக வரும். காசு கொடுத்து வாங்கி, பட்ட பிறகும் எங்கே கோட்டை விட்டோம் என்று தெரியாமல் இருப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

மொத்தமாகக் கிட் வாங்குவது

துணைச் சாமான்களை ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பதுதான் கிட். வேண்டாம். அதில் உருப்படியானது காற்றடிக்கும் ப்ளோயர் ஒன்றுதான். அதைத் தனியாகவே வாங்கலாம்.

யூவி ஃபில்டர் கட்டாயம் என்ற நம்பிக்கை

ஃபிலிம் காலத்தில் புற ஊதாக் கதிர் படத்தில் நீலப் படலமாக விழுந்தது, அதனால் அந்த ஃபில்டர் தேவைப்பட்டது. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் அந்தக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஏற்கெனவே இருக்கிறது. இப்போது யூவி ஃபில்டர் என்பது வெறும் காப்புக் கண்ணாடி. கடற்கரையில் உப்புச் சாரலும் மணலும் பறக்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் மலிவான, எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத கண்ணாடியை மாட்டியபடியே கார்த்திகை தீபத்தை எடுத்துவிட்டு, "அகல் சுடருக்கு எதிர்ப்பக்கம் தலைகீழாக இன்னொரு சுடர் தெரியுதே" என்று கேட்பவர்கள் வருடாவருடம் வருகிறார்கள். இருட்டில் விளக்கை எடுக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். அடிபடாமல் காக்க, லென்ஸின் முன்னால் மாட்டும் குழல் மாதிரியான லென்ஸ் ஹுட் போதும். அந்த ஹுட்டைத் திருப்பி மாட்டியபடியே நாள் முழுக்கப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது பைக்குள் வைப்பதற்கான நிலை, ஐயா.

காசு போடத் தகுந்த ஃபில்டர் போலரைசர். இலையின் பளபளப்பையும் தண்ணீரின் மினுக்கத்தையும் அது நீக்குவதைக் கணினியில் பிறகு சரியாகக் கொண்டுவர முடியாது. சூரியன் உங்கள் தோளுக்கு நேர்ப் பக்கவாட்டில் இருந்தால்தான் வானத்தில் அதன் வேலை முழுதாகத் தெரியும். மிக அகலமான லென்ஸில் வானத்தின் நடுவே மட்டும் கறுத்த பட்டை விழும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) என்பதால் மாலையானதும் கழற்றுங்கள். லென்ஸுக்கு ஒன்றாக வாங்கவும் தேவையில்லை. உங்கள் லென்ஸ்களில் பெரிய வாய் எதுவோ, 77 மில்லிமீட்டர் என்றால் அந்த அளவில் நல்லதாக ஒன்று வாங்கிவிட்டு, மற்றவற்றுக்கு, சின்ன வாயில் பெரிய ஃபில்டரைப் பொருத்தும் ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளலாம்.

ட்ரைபாடின் நடுத்தண்டு

அதை உயர்த்தினால் கேமரா ஆடும், மூன்று காலும் வீண். உயரம் போதவில்லை என்றால் உயரமான ட்ரைபாட் வாங்குங்கள்.

பையையே பெட்டியாக்குவது

நீளமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான். எரிச்சல் இன்னும் தீரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன், முதல் சம்பளத்தில் கேமரா வாங்கியவன். சொந்தத்தில் காதுகுத்து, வளைகாப்பு எல்லாவற்றையும் ஆசையாக எடுத்துக் கொடுப்பான். ஐப்பசி மழை பிடித்ததும் கேமராவைத் துடைத்து, பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, பீரோவின் கீழ்த்தட்டில் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். பத்திரமாம்! பொங்கலுக்கு வெளியே எடுத்தால் படமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது. "அண்ணா, ஏதோ செட்டிங் மாறிப்போச்சு, பாருங்களேன்" என்று கொண்டுவந்தான். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து, மறுபக்கம் அவனையே பார்க்கச் சொன்னேன். உள்ளே இருக்கும் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் மாதிரி வெள்ளை வேர்கள். பூஞ்சை. சர்வீஸ் செய்பவர் கேட்ட தொகைக்கு அதே லென்ஸைப் பழையதாக இன்னொன்று வாங்கிவிடலாம். எனக்குக் கோபம் அவன்மேல் இல்லை. பை, பெல்ட், ஃபில்டர் என்று பட்டியல் போட்டு அவனிடம் விற்றார்களே, இந்த ஊரில் மழைக்காலத்தில் லென்ஸை எப்படி வைப்பது என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை.

பூஞ்சையின் வித்து காற்றில் எங்கும் உண்டு, புது லென்ஸிலும் இருக்கும். அது முளைத்துப் பரவ நாலு விஷயம் தோது: இருட்டு, அசையாத காற்று, தின்னக் கொஞ்சம் தூசியோ விரல் எண்ணெயோ, கூடவே 70 சதவீதத்துக்கு மேல் சில நாள் நிற்கும் ஈரப்பதம். வடகிழக்குப் பருவமழையின்போது சென்னையிலோ கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ காலை ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பையின் பஞ்சும் துணியும் அந்த ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும், தோல் உறை இன்னும் மோசம். பீரோவுக்குள் மூடிய பை என்றால் பூஞ்சை கேட்கும் நாலும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறது. பூஞ்சை சுரக்கும் அமிலம் லென்ஸின் பூச்சை அரிக்கும். பிரித்துத் துடைத்தாலும் அரித்த தடம் போகாது. வெயிலில் காட்டினால் சரியாகும் என்பார்கள். வளர்ச்சி ஒருவேளை நிற்கலாம், தடம் அப்படியேதான் இருக்கும். பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

இதற்கு வேண்டிய சாமான் மூன்று: மூடியில் ரப்பர் வளையமும் நாலு பக்கம் பூட்டும் உள்ள பிளாஸ்டிக் டப்பா (மாவு போட்டு வைக்க விற்பதுதான்), சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல். மானியில் 40க்கும் 50க்கும் இடையே நிற்க வேண்டும். நல்லதுதானே என்று மேலும் மேலும் உலர்த்தி 30க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம், உள்ளிருக்கும் கிரீஸும் ரப்பரும் காயக்கூடும்.

இதிலும் சொதப்புகிறார்கள். ஷூ டப்பாவில் வந்த சிலிக்கா பொட்டலத்தை எடுத்துப் போடுவார்கள். அது கடையில் கிடந்தபோதே ஈரம் குடித்து ஓய்ந்திருக்கும். அரிசி போடுவார்கள். ஈரம் பெரிதாக இறங்காது, மாவுத்தூள் மட்டும் லென்ஸின் வளையங்களுக்குள் போகும். பீரோவில் இருக்கும் அந்துருண்டையை எடுத்துப் போடுகிறவர்களை என்ன சொல்வது? அதன் ஆவி கண்ணாடியில் படியும். சிலிக்கா ஜெல்லை ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துபோகவும் கூடாது. நீலம் இளஞ்சிவப்பானாலோ, ஆரஞ்சு பச்சையானாலோ வேலை முடிந்தது என்று பொருள். சுமார் 120 டிகிரி சூட்டில் ஓவனில் உலர்த்தினால் பழைய நிறம் திரும்பும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

மலிவான மானி பொய் சொல்லாதா என்று கேட்பார்கள். சொல்லும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கூழாகும் அளவு மட்டும் தண்ணீர் சொட்டி, மானியோடு சின்ன டப்பாவில் வைத்து இறுக மூடி, மறுநாள் காலை பாருங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மானி 80 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் நாலைந்து ஆகிவிட்டால், ஈரப்பதத்தைத் தானே கட்டுக்குள் வைக்கும் அலமாரியான டிரை கேபினட் வாங்கலாம். அடுத்த லென்ஸுக்கு முன்னால் அதை வாங்குங்கள் என்பதுதான் என் வாதம், யாரும் கேட்பதில்லை.

ஏசி அறையிலிருந்து நேராக மொட்டை மாடிக்கு

குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிந்துவிடும். அறைக்குள்ளேயே ஜிப் கவரில் போட்டு மூடி எடுத்துப் போங்கள். அரை மணி கழித்துத் திறக்கலாம்.

மெமரி கார்டில் பெரிய எண்ணைப் பார்ப்பது

கார்டின் மேல் கொட்டை எழுத்தில் 170, 200 என்று போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். படம் எடுக்கும்போது வேண்டியது எழுதும் வேகம். வீடியோவுக்கு வி30 என்ற குறியைத் தேடுங்கள், நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் தொடர்ந்து எழுதும் என்று அதற்குப் பொருள். வி90 கார்டின் பின்பக்கம் தொடுபுள்ளிகள் இரண்டு வரிசையாக இருக்கும். உங்கள் கேமராவில் அந்த இரண்டாவது வரிசை இல்லை என்றால் கொடுத்த கூடுதல் பணம் போச்சு.

போலிக் கார்டு இன்னொரு தொல்லை. 128 ஜிபி என்று காட்டும், உள்ளே இருப்பது 16ஆக இருக்கும். நிறைந்த பிறகு எடுக்கும் படங்கள் பதிந்தது போலவே தோன்றி, வீட்டில் திறந்தால் சாம்பல் பட்டையாக வரும். வாங்கிய அன்றே முழுக் கொள்ளளவுக்கும் ஏதாவது கோப்புகளை ஏற்றி, திரும்ப இறக்கி, திறந்து பாருங்கள். கல்யாண மண்டபத்தில் போய்ச் சோதிக்காதீர்கள்.

லென்ஸைச் சட்டை நுனியால் துடைப்பது

முதலில் ப்ளோயர். பிறகுதான் துணி.

அப்பா காலத்து ஃப்ளாஷ்

பரணில் கிடைத்ததை அப்படியே கேமராவின் தலையில் மாட்டாதீர்கள். ஃபிலிம் காலத்து ஃப்ளாஷ்கள் சிலவற்றின் அடியில் இருக்கும் நடுப்புள்ளியில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், டிஜிட்டல் கேமராவின் சர்க்யூட் கருகிப் போகலாம். ஃப்ளாஷை சார்ஜ் ஏற்றி, தயார் விளக்கு எரியும்போது, நடுப்புள்ளிக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எவ்வளவு வரை தாங்கும் என்பதைக் கேமராவின் கையேட்டில் பாருங்கள். 6 வோல்ட்டுக்குள் இருந்தால் தைரியமாக மாட்டலாம்.