நினைவு மலர் போடப் போறீங்களா, முதல்ல அவரோட டைரிய எடுங்க

வீட்ல பெரியவர் தவறி வருஷாப்தம் வருது, சின்னதா ஒரு நினைவு மலர் போடணும்னு ஆசைப்படுறீங்க, நல்லது. ஆனா வர்ற மலர்ல முக்கால்வாசி ஒரே மாதிரி தான் இருக்கு, பக்திமான், நேர்மையானவர், அன்பான குடும்பத் தலைவர், அவ்ளோதான், பேர மாத்திட்டா பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொருந்தும். பாம்பன்ல ரயில்வே பாலத்துல இன்ஜினியரா வேலை பாத்த எங்க பெரிய மாமாவுக்குப் போட்டத வச்சு சொல்றேன்.

முதல்ல பீரோ. பென்ஷன் பேப்பர், டிரான்ஸ்ஃபர் ஆர்டர் எல்லாம் தேதிக்கு உதவும், ஆனா நெசமான சரக்கு பாக்கெட் டைரி தான். மாமாவோட டைரில ஒரு பக்கம் இப்படி இருந்துச்சு: "87 கர்டர் பெயிண்ட் பாக்கி. சனிப் பிரதோஷம். சின்னவளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்." மூணும் ஒரே மையில, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. அதனால தொழில் ஒரு பக்கம், பக்தி ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம்னு பிரிச்சுப் போடாதீங்க, அவர் அப்படிப் பிரிச்சு வாழல.

அடுத்து வருஷம் கண்டுபிடிக்கிறது. நம்ம பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துப் பெரியவங்க வருஷம் சொல்ல மாட்டாங்க, எதுக்கு முன்ன எதுக்குப் பின்னன்னு தான் சொல்லுவாங்க, நீங்களும் அப்படியே கேளுங்க. புயலுக்கு முன்னயா பின்னயான்னா அது தனுஷ்கோடி போன 1964 டிசம்பர், ரோடு பாலம் தொறந்தது 1988 அக்டோபர், பெரிய லைன், அதாவது பிராட்கேஜ், வந்தது 2007, பழைய பாலத்துல ட்ரெயின் நின்னது 2022 டிசம்பர், புதுப்பாலம் தொறந்தது 2025 ஏப்ரல். இதுல நாலு கேள்வி போட்டாலே கல்யாணம், பிரமோஷன், வீடு கட்டினது எல்லாம் ஒரு வரிசைக்கு வந்துரும்.

வேலையப் பத்தி ஆபீசருங்ககிட்ட மட்டும் கேக்காதீங்க, அவங்க பாராட்டு தான் சொல்லுவாங்க. கேங்மேன், பெயிண்டர், மேஸ்திரி, இவங்களத் தேடிப் போங்க. அவர் என்ன வேலை பாத்தார்னு படிக்கிற பேரனுக்குப் புரியணும்ல, 1914ல தொறந்த பழைய பாலம், அப்பல்லாம் உப்புக் காத்துல இரும்பு அரிச்சுக்கிட்டே இருக்கும், ஒரு கோடில பெயிண்ட் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள மறுகோடில துரு வந்துரும், கப்பல் வந்தா நடுத் தூக்குப்பாலத்த ஆளுங்க கையாலயே சுத்தித் தொறப்பாங்க, காத்து ஓவராப் போனா ட்ரெயின நிறுத்திருவாங்க. இத நாலு வரி எழுதினா போதும், "கடின உழைப்பாளி"ன்னு தனியா எழுத வேண்டியதில்ல.

பக்திக்குப் போன கோயில் லிஸ்ட் போடாதீங்க, எதுக்காக எத விட்டுக் குடுத்தார்னு பாருங்க. ஆடி அமாவாசைக்கு ஊரே ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடல்ல நிக்கும், மாமா மட்டும் வர மாட்டார், அன்னைக்கு ஸ்பெஷல் ட்ரெயினும் கூட்டமும், லைன விட்டு நகர மாட்டார். மறுநாள் காலைல தான் கடல்ல முழுகி, கோயிலுக்குள்ள போயி கோடித் தீர்த்தம் வரைக்கும் 22 தீர்த்தமும் ஊத்திக்கிட்டு வருவார். பெரிய ராமநாதசாமி பக்தர்னு சொல்றதவிட இது எவ்ளோ மேல்னு நீங்களே பாருங்க.

அப்புறம் ஒண்ணு, நம்ம பக்கம் எந்த இன்ஜினியர் இறந்தாலும் கலாம் மாதிரின்னு எழுதிருவாங்க, வேணாம். கலாம் கல்யாணமே பண்ணிக்கல, மாமாவுக்கு மூணு புள்ளைங்க, மூணு பேருக்கும் ஃபீஸ் கட்டின கஷ்டம் வேற கதை.

கோவக்காரர்னா கோவக்காரர்னே எழுதுங்க. மாமாவோட பையன், எங்க மச்சான், கொஞ்சம் முறைச்சான், ஆனா ஸ்கூல் ரேங்க் கார்டுல மாமா கையெழுத்துப் போடாம ரெண்டு நாள் இழுத்தடிச்ச கதைய அவனே தான் கடைசில சொன்னான்.

போட்டோ ஃபிரேம் கண்ணாடில ஒட்டிப் போயிருந்தா பிச்சு எடுக்காதீங்க, கடக்காத்து ஈரத்துல மேல் தோலே உரிஞ்சு வந்துரும், கண்ணாடியோடவே ஃபிளாஷ் இல்லாம, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழுற மாதிரி வச்சு போன்ல எடுங்க. பேச்சு ரெக்கார்ட் பண்றதுன்னா வீட்டுக்குள்ள பண்ணுங்க, கச்சான்னு சொல்ற மேல்காத்துல வாசல்ல உக்காந்தா ஒண்ணும் கேக்காது.

எழுதி முடிச்சதும் நேரா பிரஸ்ஸுக்குப் போகாதீங்க, அவர் வீட்டுக்காரம்மாகிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. எங்க அத்தை பாதில நிறுத்தி, "அது ஜியாமெட்ரி பாக்ஸ்னு தான் எழுதினாரு, வாங்கிட்டு வந்தது நான்"ன்னாங்க. அதையும் சேத்துத் தான் அச்சடிச்சோம்.