பெருந்தொற்று வந்து தொழில் முடங்கினால்: முதல் வாரமே செய்து வைக்க வேண்டியவை

தொற்று பரவுகிறது, நாளையிலிருந்து கதவைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு வந்ததும் நமக்குத் தோன்றுவது, 'பதினைந்து நாளில் எல்லாம் சரியாகிவிடும், பார்த்துக்கொள்ளலாம்' என்பதுதான். தயவுசெய்து அப்படிக் காத்திருக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்தது 2020 மார்ச் 11இல். அதன் தாக்கம் வருடக்கணக்கில் நீடித்தது. காத்திருக்கும் அந்த நாட்களில்தான் நோட்டீஸ் கொடுக்க வேண்டிய கெடு தாண்டும், தவணை தவறும், தவறிய பிறகு போய்ப் பேசினால் எதிரில் இருப்பவரின் தொனியே மாறிவிடும். தவறுவதற்கு முன்பே, எழுத்தில் பேசிவிட வேண்டும். நான் சொல்ல வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில் கையிருப்பு. ஒரு தாளில் அடுத்த 13 வாரங்களுக்கு, வாரத்துக்கு ஒரு கட்டமாகப் போட்டு, எந்த வாரம் எவ்வளவு உள்ளே வரும், எவ்வளவு வெளியே போகும் என்று எழுதுங்கள். பில் போட்டதை வரவாக எழுதக் கூடாது, பணம் வங்கிக்கு வந்து சேரும் வாரத்தில்தான் எழுத வேண்டும். வாடிக்கையாளருக்கும் இதே கஷ்டம்தானே, அவர் தாமதிப்பார். எந்த வாரத்தில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறதோ அதுவரைதான் உங்களுக்கு அவகாசம். வங்கியிடமும் இடத்தின் உரிமையாளரிடமும் பேசப் போகும்போது இந்தத் தாளையே எடுத்துப் போங்கள், வெறும் வேண்டுகோளைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

எதை முதலில் கட்டுவது? என் கணிப்பில் சம்பளம் முதலில். அதோடு சேர்த்தே, ஊழியரின் சம்பளத்தில் பிடித்த வரியையும் வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியையும் வையுங்கள். அது உங்கள் பணமே இல்லை, பல நாடுகளில் அதைக் கட்டாவிட்டால் நிறுவனத்தை நடத்துபவரையே நேரடியாகப் பொறுப்பாக்குவார்கள். இன்னொன்று, கணக்குத் தாக்கல் செய்யும் தேதியைத் தள்ளிவைத்தால் வரி கட்டும் தேதியும் தள்ளிப்போனதாக அர்த்தமில்லை. அறிவிப்பை முழுசாகப் படியுங்கள்.

அடுத்து ஒப்பந்தங்கள். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெருந்தொற்று வந்துவிட்டது என்பதாலேயே கடமையிலிருந்து தானாக விடுதலை கிடைக்காது. ஒப்பந்தத்தில் 'ஃபோர்ஸ் மஜூர்' பிரிவு, அதாவது நம் கையை மீறிய நிகழ்வால் கடமையைச் செய்ய முடியாமல் போனால் விலக்குத் தரும் பிரிவு, இருக்கிறதா, அதில் தொற்றுநோயோ அரசு உத்தரவோ சொல்லப்பட்டிருக்கிறதா, எத்தனை நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று பாருங்கள். அந்தக் கெடுவைத் தவறவிட்டதாலேயே உரிமையை இழக்க நேரலாம். பிரிவே இல்லை என்றால் அந்தந்த நாட்டின் பொதுச் சட்டம்தான். 1863இல் இங்கிலாந்தில் டெய்லர் எதிர் கால்டுவெல் வழக்கில், கச்சேரிக்குப் பேசி வைத்த அரங்கம் அதற்கு முன்பே எரிந்துபோனதால் இரு தரப்பையும் விடுவித்தார்கள். ஆனால் அந்த வாசல் குறுகலானது. செய்யவே முடியாமல் போவது வேறு, செய்தால் நஷ்டம் வரும் என்பது வேறு. கையில் பணமில்லை என்பதைப் பெரும்பாலும் காரணமாக ஏற்க மாட்டார்கள்.

அறிவிப்பு இப்படிச் சுருக்கமாக இருந்தால் போதும்: 'நம் ஒப்பந்தத்தின் 14ஆம் பிரிவின்படி இதைத் தெரிவிக்கிறேன். அரசு உத்தரவால் எங்கள் பட்டறை மூடப்பட்டிருப்பதால் 20ஆம் தேதி அனுப்ப வேண்டிய சரக்கை முழுதாக அனுப்ப முடியவில்லை. தயாராக உள்ள பாதியை இப்போதே அனுப்புகிறேன். உத்தரவு விலகிய மூன்று வாரத்துக்குள் மீதி வரும். ஒப்பந்தப்படி எங்களுக்குள்ள உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.' அந்த 'பாதியை அனுப்புகிறேன்' என்ற வரி முக்கியம். முடிந்ததைச் செய்தீர்களா என்று பின்னால் கேட்பார்கள். உத்தரவின் நகலையும் இணைத்து, ஒப்பந்தத்தில் சொன்ன வழியிலேயே அனுப்புங்கள். போனில் பேசி முடித்தாலும் அன்றைக்கே ஒரு ஈமெயில் போட்டுவிடுங்கள். வாடகையும் அப்படித்தான், உரிமையாளர் 'சரி, இப்போது வேண்டாம்' என்றால் அது தள்ளுபடியா, தள்ளிவைப்பா என்று எழுதி வாங்குங்கள்.

கடன் தவணையை ஒத்திவைக்கிறோம் என்று வங்கி சொன்னால் கணக்குப் போடாமல் தலையாட்டாதீர்கள். 10 லட்சம் கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம், இன்னும் 60 தவணை பாக்கி, மாதம் சுமார் 22,244 என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் நிறுத்தி, அந்த வட்டியை மாதாமாதம் அசலில் சேர்த்தால் கடன் ஏறக்குறைய 10,61,500 ஆகிவிடும். அதே தவணையைத் தொடர்ந்தால், நிறுத்திய ஆறு மாதம் போக, கூடுதலாக ஐந்து தவணைக்கும் கொஞ்சம் மேலேயே கட்ட வேண்டிவரும். வேறு வழியில்லை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அந்த மாதங்களில் வட்டியை மட்டுமாவது கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள், அசல் ஏறாது.

காப்பீட்டைப் பொறுத்தவரை, தொழில் முடக்கத்துக்கான பாலிசிகளில் பெரும்பாலானவை கட்டடமோ சரக்கோ சேதமானால்தான் பணம் தரும். அதற்காக விண்ணப்பிக்காமலே விட்டுவிடாதீர்கள். 2021 ஜனவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அந்நாட்டின் நிதி நடத்தை ஆணையம் கொண்டுவந்த வழக்கில், நோய்ப் பரவலையும் இடத்துக்குள் நுழையத் தடையையும் பற்றிப் பேசும் பிரிவுகளைப் பெரும்பாலும் பாலிசிதாரருக்குச் சாதகமாகவே விளக்கியது. ஒவ்வொரு சொல்லும் முக்கியம் என்பதால் பாலிசியை வரிவரியாகப் படியுங்கள், மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

ஊழியர் விஷயத்தில், ஆளை நிறுத்துவதற்கு முன் வேலை நேரத்தைக் குறைக்க முடியுமா, அரசு சம்பள உதவி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத்தைக் குறைப்பதானால் அவர் சம்மதத்தோடு, எத்தனை மாதத்துக்கு என்று எழுதி, உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்துத்தான். அவர்கள் வீட்டிலும் இதே பயம்தான், கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அரசு உதவிப் பணம் வந்தால் அது மானியமா கடனா, எதற்குச் செலவிடலாம் என்று பார்த்துத் தனிக் கணக்கில் வையுங்கள், பின்னால் தணிக்கை வரும்.

அப்புறம், அவசரத்தில் புதுக்கடனுக்குச் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போடுவது. நிறுவனம் மூழ்கினாலும் வீடு தப்பும் என்ற நிலை அந்த ஒரு கையெழுத்தோடு போய்விடும். 13 வாரக் கணக்கில் திருப்பிக் கட்ட வழியே தெரியவில்லை என்றால், கடனைப் போட்டுத் தள்ளிக்கொண்டே போகாமல், கையில் கொஞ்சம் பணம் இருக்கும்போதே வக்கீலையும் ஆடிட்டரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுங்கள். தீராத கடனில் தெரிந்தே தொழிலைத் தொடர்ந்தால் இயக்குநரைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கும் சட்டம் பல நாடுகளில் உண்டு. உங்கள் நாட்டில் என்ன நிலை என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.