வி.டி.ஆர்.எல். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முன்

பழைய வண்ணாரப்பேட்டையில் லேப் வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், எங்கள் காலத்துக் கோளாறுகளையே வருடா வருடம் புதிதாகச் செய்கிறார்கள். டியூபில் பெயர் ஒட்டாதது, கையுறை போடாதது எல்லாம் அவர்களே திருந்திக்கொள்வார்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் விஷயத்தில் செய்யும் கோளாறுகள் அப்படியல்ல. அதற்கான ரத்தப் பரிசோதனைகள்தான் வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். எல்லாம்.

டைல்யூட் செய்யாத சீரத்தை மட்டும் நம்புவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சிபிலிஸின் இரண்டாம் கட்டத்தில் ரத்தத்தில் ஆன்டிபாடி கொட்டிக்கிடக்கும். அது அளவுக்கு மிஞ்சினால், நாம் விடும் கார்டியோலிபின் ஆன்டிஜென் துகள்களைத் தனித்தனியாக மூடிவிடும். துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளாது. வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். இரண்டிலும் நாம் பார்ப்பதே அந்தத் திரளைத்தான். நோய் உச்சத்தில் இருக்கும்போது 'நான்-ரியாக்டிவ்', அதாவது நோய் இல்லை, என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். இதைத்தான் புரோசோன் என்பார்கள். அபூர்வம்தான், ஆனால் வரும்.

காசிமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். கர்ப்பிணி மனைவிக்கு ரியாக்டிவ். இவருக்கு வேறொரு லேபில் நான்-ரியாக்டிவ். "பாத்துக்க சார், எனுக்கு ஒண்ணும் இல்ல. அவளாண்ட கேளு" என்று ரிப்போர்ட்டை நீட்டினார். நீட்டிய உள்ளங்கையில் செம்பு நிறத் தடிப்புகள். அரிப்பில்லை, ஆனாலும் அலர்ஜி மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. சீரத்தில் சலைன் விட்டு டைல்யூட் செய்து ஆன்டிபாடியைக் குறைத்தோம். 1:16-இல், அதாவது பதினாறில் ஒரு பங்காக்கியதும், பளிச்சென்று திரண்டது, 1:128 வரை போனது. அந்த லேபில் ஒருவர் நாலு சொட்டு சலைனுக்குச் சோம்பல்பட்டதில் அந்தப் பெண் அம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தாள்.

உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு இருந்தாலோ, துணைக்கு ரியாக்டிவ் என்றாலோ, யாரும் கேட்காமலே டைல்யூட் செய்து பாருங்கள். ஸ்லைடு சொரசொரப்பாகத் தெரிந்தாலும் அப்படியே.

டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ் என்றதும் மறுபடி ஊசி

டி.பி.எச்.ஏ. என்பது சிபிலிஸ் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியையே தேடும் டெஸ்ட். குணமான பிறகும் பெரும்பாலோருக்கு அது ஆயுளுக்கும் பாசிட்டிவ்தான். ஊசி வேலை செய்ததா என்று வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். டைட்டரில், அதாவது எத்தனை மடங்கு டைல்யூட் செய்தும் திரள்கிறது என்பதில், பாருங்கள். 1:32 என்பது 1:8 ஆனால் நல்ல சேதி. 1:8 என்பது 1:4 ஆனதற்கு அர்த்தமில்லை. இரண்டு முறையும் ஒரே டெஸ்ட், முடிந்தால் ஒரே லேப்.

புண் ஆறிவிட்டது

சிபிலிஸின் முதல் கட்டத்தில் வரும் வலிக்காத புண் மருந்தில்லாமலே சில வாரங்களில் ஆறும். கிருமி அதற்குள் ரத்தத்தில் பரவியிருக்கும்.

ஊசி போட்டதும் காய்ச்சல்

இது லேப் சங்கதி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். சிபிலிஸுக்கான ஊசி பென்சதைன் பென்சிலின். அதைப் போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரலாம். கிருமிகள் சாவதால் வருவது. மூச்சுத்திணறல், முகவீக்கம் வேறு விஷயம். வெறும் காய்ச்சலுக்காகச் சீட்டில் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதிவிடாதீர்கள். நோயாளி கர்ப்பிணியானால், வயிற்றுப்பிள்ளையையும் காப்பாற்ற நம்மிடம் பென்சிலினை விட்டால் நம்பகமான மருந்து இல்லை.