முதலில் 'எந்தப் பக்கம்?' என்று கேளுங்கள்

சென்னை ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் 19 வருடமாக ஆடியோகிராம் எடுக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று சொல்பவள். டாக்டர் அறைக்குள் போவதற்கு முன் நிறையப் பேர் என்னிடம்தான் கதையை ஆரம்பிப்பார்கள். அவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பக்கம்?"

சளி, அலர்ஜி, வயதானால் வரும் காது மந்தம் எல்லாம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். மணலிப் புகையும் எண்ணூர்ச் சாம்பலும் மூக்கின் இரண்டு துவாரத்திலும்தான் போகின்றன. ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து தொல்லை கொடுத்தால், அந்தப் பக்கத்தில் ஏதோ இருக்கிறதா என்று தேடித்தான் ஆகவேண்டும். அபூர்வமாக வரும் நோய்கள் பல இப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

எங்கள் நைனா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். ஒருநாள் தூங்கி எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது, உள்ளே உய்ங் என்று ஒரு சத்தம். பக்கத்தில் காட்டினோம். "அழுக்குதான்" என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரம் விட்டோம். யாரும் காதுக்குள் லைட் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. அழுக்கே இல்லை, நரம்பு அடிபட்டிருக்கிறது என்று தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது. அந்தக் காது கடைசிவரை திரும்பவில்லை. நான் இந்தப் படிப்புக்குப் போனதே அதனால்தான். ஆகவே இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இப்போதே ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில்தான் சத்தம் பெரிதாகக் கேட்கும். அழுக்கோ, செவிப்பறைக்குப் பின்னால் நீரோ கட்டியிருந்தாலும் இதுதான் நடக்கும்: முனகல் கெட்ட காதுக்குப் போகும். நரம்பு கெட்டிருந்தால் நேர்மாறு. முனகல் நல்ல காதுப் பக்கம் ஒதுங்கும். டாக்டர் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து "எந்தக் காதில் கேட்குது?" என்று கேட்பது இதே சோதனைதான். வெபர் சோதனை என்பார்கள்.

ஆக, ஒரு காது திடீரென்று, மூன்று நாளுக்குள், கேட்காமல் போனால் முனகிப் பாருங்கள். சத்தம் நல்ல காதுக்குப் போனால் அன்றைக்கே கிளம்புங்கள். எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் கிளம்புங்கள். ஆடியோகிராமில் நரம்புக் குறைவு தெரிந்தால் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள், அல்லது செவிப்பறை வழியாக ஊசி போடுவார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். சுகர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். கேட்கும் நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். கட்டி இருப்பது அரிதுதான். அதற்காக அந்த ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

காதில் காய்ச்சிய எண்ணெய் விடும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக நடுக்காதுக்குப் போய்விடும். ஓட்டை இல்லாவிட்டாலும் இந்தக் கடலோர ஈரத்தில் காதுக்குள் பூஞ்சை பிடிக்க அது வழிவிடும். பூஞ்சை பிடித்த காதுக்குள் பார்த்தால் நனைந்த செய்தித்தாள் மேல் கறுப்புப் புள்ளி தெளித்தது போல இருக்கும். முழுதாகச் சுத்தம் செய்து, பூஞ்சைக்கான சொட்டு மருந்து விட்டு, காதை ஈரமில்லாமல் வைத்திருக்க வேண்டும்.

சுகர் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஒரு காதில் ராத்திரி தூங்கவிடாத வலி, சீழ், சொட்டு மருந்துக்கு மசியவே இல்லை என்றால் அது வெறும் காதுவலியாக இல்லாமல் இருக்கலாம். கிருமி காதுக்குழாயிலிருந்து மண்டை எலும்புக்குப் பரவும் நோய் ஒன்று உண்டு. அந்தப் பக்கத்து முகம் கோணினால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். இதற்கு வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் வேண்டும், சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஐந்து நாள் மாத்திரையில் தீராது.

சரி, மூக்குக்கு வருவோம். குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகினால் உள்ளே எதையோ திணித்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மணி, பட்டாணி, ஸ்பாஞ்சு என்றால் அவசரப்படாமல் அன்றைக்குள் காட்டலாம். நீங்களே ஹேர்பின்னால் நோண்டினால் உள்ளே தள்ளிவிடுவீர்கள். ஆனால் பொம்மையிலிருக்கும் பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது. ஈரத்தில் அது மின்சாரம் விட்டு சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும், மூக்கின் நடுச்சுவரே ஓட்டையாகலாம். உப்புநீரோ சொட்டு மருந்தோ விட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அக்கா வந்தார். வருடக்கணக்காக வலது மூக்கில் அடைப்பு, நாற்றம். பீனிசம் என்று ஆவி பிடித்துப் பிடித்து ஓய்ந்துவிட்டார். ஸ்கேனில் கல் தெரிந்தது. எண்டோஸ்கோப் விட்டு உடைத்து எடுத்தார்கள். கல்லின் நடுவே இருந்தது புளியங்கொட்டை. சின்ன வயதில் போட்டது, அவருக்கே நினைவில்லை. சுற்றிச்சுற்றிச் சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருந்தது.

தென் மாவட்டங்களிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களிடம் இன்னொன்றையும் கேட்பேன்: "ஊர்ல கண்மாய், ஊருணியில குளிச்சிருக்கீங்களா?" அந்தத் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு வரக்கூடிய நோய் ஒன்றில், மூக்கின் ஒரு பக்கம் சிவப்பாக, மேலே வெள்ளைப் புள்ளி புள்ளியாக, ஸ்ட்ராபெர்ரி பழம் போலச் சதை வளர்ந்து தொட்டாலே ரத்தம் வரும். ரைனோஸ்போரிடியோசிஸ் என்று பெயர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் இது அதிகம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது, ஆகவே வீட்டில் ஒதுக்கிவைக்க வேண்டாம். சதையை அறுத்து, அது முளைத்த அடிப்பகுதியைச் சுட்டுவிட வேண்டும். அப்படியும் திரும்ப வளரும் குணம் அதற்கு உண்டு. அதனால் பலருக்கு டாப்சோன் மாத்திரையை மாதக்கணக்கில் கொடுப்பார்கள். அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பையனுக்கு ஒரு மூக்கு அடைப்பும் அடிக்கடி ரத்தமும் சேர்ந்து வந்தால், ஸ்கேன் எடுக்காமல் யாரையும் சதை கிள்ளிச் சோதிக்க விடாதீர்கள். ரத்தக்குழாய்கள் பின்னிய ஒருவகைக் கட்டியாக இருந்தால் ரத்தத்தை நிறுத்துவதே கஷ்டம்.

அப்புறம் கர்ச்சீப் சோதனை. கீழே குனிந்தால் ஒரு மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர் போலச் சொட்டுகிறதா? பைக்கில் விழுந்து தலையில் அடிபட்ட பின் ஆரம்பித்ததா? அதை ஒரு வெள்ளைக் கர்ச்சீப்பில் பிடித்துக் காயவையுங்கள். சளி காய்ந்தால் துணி கஞ்சி போட்டதுபோல விறைக்கும். துணி மெத்தென்றே இருந்தால், தொண்டையில் உப்புக்கரித்தால், அது மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம். மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். அந்த வழியாகக் கிருமி ஏறினால் மூளைக்காய்ச்சல் வரும். ஒரு சின்ன பாட்டிலில் அந்த நீரைப் பிடித்து பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற சோதனைக்கு அனுப்பி உறுதி செய்வார்கள். ஓட்டையை இப்போது மூக்கு வழியாகவே அடைக்கிறார்கள்.

தலைசுற்றலிலும் பக்கம் உண்டு. படுக்கையில் ஒரு பக்கம் புரண்டால் மட்டும் அறையே சுழல்கிறது, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் உட்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கிறது. ப்ரஷரும் இல்லை, பித்தமும் இல்லை. வலது பக்கம் புரளும்போது சுற்றினால், கட்டிலில் உட்கார்ந்து தலையை வலது பக்கம் பாதித் திருப்பி, தோளுக்கடியில் தலையணை வர, தலை சற்றே தொங்கும்படி மல்லாக்கப் படுக்க வேண்டும். சுற்றல் அடங்கும்வரை, குறைந்தது 30 விநாடி, அப்படியே இருக்க வேண்டும். பிறகு தலையை மட்டும் இடது பக்கம் அதே அளவு திருப்பி 30 விநாடி. பிறகு உடம்போடு இடது பக்கம் புரண்டு, முகம் தரையைப் பார்க்க 30 விநாடி. கடைசியில் மெல்ல எழுந்து உட்கார வேண்டும். இது எப்லி முறை. முதல் தடவை டாக்டர் செய்துகாட்ட வேண்டும், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தானாகச் செய்யக் கூடாது. சுற்றலோடு பேச்சு குழறினால், கை கால் இழுத்தால், நிற்கவே முடியாவிட்டால் இதெல்லாம் வேண்டாம், 108-க்குப் போன் செய்யுங்கள்.

தொண்டையைப் பற்றியும் கொஞ்சம். மாவா என்ற புகையிலைப் பாக்கும் பீடியும் பழகிய ஒருவருக்கு ஒரு காது வலிக்கிறது, காதில் பார்த்தால் எதுவும் இல்லை என்றால் தொண்டையையும் நாக்கின் வேர்ப்பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்கும் தொண்டைக்கும் சில நரம்புகள் பொது, அதனால் தொண்டையில் இருக்கும் கோளாறு காதில் வலியாகத் தெரியலாம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தாலும் ஸ்கோப் விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையிலும் (ஜி.எச்.) காது மூக்கு தொண்டைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. காலையில்தான், ராத்திரி என்றால் கேஷுவாலிட்டிக்குப் போங்கள். போகும்போது எந்தப் பக்கம், எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இதுவரை விட்ட சொட்டு மருந்துப் பாட்டில்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஆடியோகிராம் இருந்தால் அதுவும் வேண்டும். குழந்தை என்றால், எந்தப் பொம்மையில் பேட்டரி காணோமோ அந்தப் பொம்மையையும் கையோடு கொண்டுபோங்கள்.