கையில் எடுத்ததும் திரை பேச வேண்டுமா? காட்சி மேசைக்கு ஏற்ற சென்சாரைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஒரு மேசைமேல் ஐந்து கண்ணாடி பாட்டில்கள்: கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு. பார்வையாளர் தினை பாட்டிலைக் கையில் எடுத்த உடனே பின்னாலுள்ள திரையில் தினையைப் பற்றிய படம் ஓட வேண்டும். திரும்ப வைத்தால் முகப்புப் படம் வர வேண்டும். பள்ளிக் கண்காட்சி, அருங்காட்சியகம், கடை எங்கும் இந்த அமைப்பு எடுபடும். 'இங்கே தொடவும்' என்று எழுதி வைக்க வேண்டியதே இல்லை, கை தானாகவே பொருளிடம் போகும். எனக்கு மிகவும் பிடித்த காட்சி வகை இதுதான்.

புதிதாகச் செய்பவர்கள் இதில் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் நிரலில் அல்ல, சென்சார் தேர்வில்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"இந்த இடத்தில் பொருள் இருக்கிறதா?" என்பது ஒரு கேள்வி. "இங்கே இருப்பது எந்தப் பொருள்?" என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு மலிவான சென்சாரே போதும். இரண்டாவதற்கு ஆர்எஃப்ஐடி (பொருளில் ஒட்டிய சிறு அட்டையின் அடையாள எண்ணை ரேடியோ அலையால் படிக்கும் முறை) தேவைப்படும்.

பார்வையாளர்கள் பாட்டில்களை இடம் மாற்றி வைத்துவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. அதற்காக உடனே ஆர்எஃப்ஐடிக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அடியில் வேறு வேறு வடிவில் மரக்கட்டை ஒட்டுங்கள்: வட்டம், சதுரம், முக்கோணம் என்று. மேசையில் அதே வடிவில் ஆழமில்லாத குழிகள் இருக்கட்டும். தினை பாட்டில் தினையின் குழியில் மட்டுமே உட்காரும். இப்போது முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் போதும்.

படி 2: பொருந்தாதவற்றை விலக்குங்கள்

டிசிஆர்டி5000 போன்ற அகச்சிவப்புச் சென்சார்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். விலை குறைவு, எளிதில் கிடைக்கும். ஆனால் அது எதிரொளியை நம்பி வேலை செய்கிறது. கறுப்புப் பரப்பு அந்த ஒளியை விழுங்கிவிடும், கண்ணாடி ஊடே விட்டுவிடும். ஜன்னல் வழியே வெயில் விழுந்தால் அதிலும் அகச்சிவப்பு இருக்கிறது. காலையில் சரியாக ஓடிய மேசை மதியம் தடுமாறும். அறை வெளிச்சத்தை நம்பும் எல்டிஆரை நான் இந்த வேலைக்குப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

எடையை உணரும் 'லோடு செல்', அதன் அளவை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 பலகை இரண்டும் சேர்ந்தால் எடையை நன்றாகவே அளக்கும். ஆனால் யாராவது மேசைமேல் கையூன்றினால் அளவு மாறும், பாட்டிலைத் திறந்து ஒரு பிடி தானியம் எடுத்தாலும் மாறும். எடையே உங்கள் காட்சியின் பொருளாக இருந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள்.

பொருள்களை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற வடிவமைப்புக்கு ஆர்எஃப்ஐடி தவிர்க்க முடியாதது. ஆர்சி522 ரீடர் 13.56 மெகாஹெர்ட்சில் இயங்கும், சில சென்டிமீட்டர் தூரம்தான் எட்டும். அடியில் உலோகத் தகடு இருந்தால் எட்டவே எட்டாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பலரும் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பில் (லைப்ரரி) 'புதிய அட்டை வந்ததா' என்று கேட்கும் கட்டளை, அட்டை அசையாமல் அங்கேயே இருந்தாலும் ஒரு முறை 'ஆம்', அடுத்த முறை 'இல்லை' என்று மாறி மாறிச் சொல்லும். ஒரே ஒரு 'இல்லை'யை வைத்துப் பொருளை எடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். தொடர்ந்து மூன்று முறை 'இல்லை' வந்த பிறகே நம்புங்கள்.

படி 3: காந்தத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் மேசைக்கு என் தேர்வு காந்தமும், அது அருகில் இருப்பதை உணரும் ஹால் சென்சாரும்தான். வெளிச்சம், தூசி, கைரேகை எதுவும் காந்தத்தைப் பாதிக்காது. மரம், அக்ரிலிக், கண்ணாடி வழியே அது வேலை செய்யும். மேசைப்பரப்பு இரும்பாக இருந்தால் மட்டும் கூடாது.

காந்தம் அருகே வந்தால் மூடும் ரீட் சுவிட்ச் ஏன் வேண்டாம்? அதற்கு மின்சாரமே தேவையில்லை என்பது நல்ல விஷயம்தான். ஆனால் வட்டக் காந்தத்தின் தட்டையான முகம் ரீட் சுவிட்சின் நடுப்பகுதிக்கு நேர் மேலே வந்தால் அது மூடாது. முனைப் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். கண்ணாடிக் குழாய் என்பதால் கால்களை வளைக்கும்போதே உடையவும் கூடும். ஹால் சென்சாரில் இந்தத் தொல்லைகள் இல்லை. காந்தம் நேர் மேலே வந்தால் போதும், பாட்டிலை எந்தத் திசையில் திருப்பி வைத்தாலும் சரி.

படி 4: பொருத்துதல்

10 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் காந்தம் போதும். மேசைக்கு அடியிலிருந்து பலகையைக் குடைந்து, மேலே 3 மி.மீ. மட்டும் விட்டு, சென்சாரின் எழுத்துள்ள முகம் மேலே பார்க்குமாறு வையுங்கள். ஏ3144 வகை சென்சார் காந்தத்தின் தென் துருவத்துக்கு மட்டுமே விடை தரும். இரு பக்கமும் காட்டிப் பாருங்கள், வேலை செய்யும் பக்கத்தில் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தத்தை மரக்கட்டைக்குள் ஆழப் புதைத்து எபாக்சியால் மூடிவிடுங்கள். இதில் சமரசம் வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களைக் குழந்தை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தாகும்.

படி 5: இணைப்பு

எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக 5 வோல்ட், கிரவுண்ட், வெளியீடு. வெளியீட்டை ஆர்டுயினோவின் (நிரல் எழுதி ஏற்றும் சிறு பலகை) ஒரு டிஜிட்டல் பின்னுக்குக் கொடுத்து, பலகைக்குள்ளேயே இருக்கும் புல்-அப்பை (சென்சார் கீழே இழுக்காதபோது பின்னை 'ஹை'யில் வைக்கும் ரெசிஸ்டர்) இயக்குங்கள். கம்பி நீளமாக இருந்தால் வெளியே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே சேர்ப்பது நல்லது. பாட்டில் இருக்கும்போது 'லோ', எடுத்ததும் 'ஹை'. வெளியீட்டுக் கம்பி அறுந்தாலும் 'ஹை' என்றே வரும். அப்போது யாரும் தொடாமலே படம் ஓடும், கோளாறு உடனே கண்ணில் படும்.

ஆர்டுயினோ லியோனார்டோவை வாங்கினால் கணினி அதை விசைப்பலகையாகவே எடுத்துக்கொள்ளும். பாட்டில்களுக்கு 1 முதல் 5 வரை எண்கள், எல்லாம் மேசையில் இருந்தால் 0. திரையில் படம் ஓட்டும் மென்பொருள் விசை அழுத்தத்தைக் கவனித்தால் போதும். ஒரு பின்னில் சிறு சுவிட்ச் வைத்து, அது ஆஃப் ஆக இருந்தால் எந்த விசையும் அனுப்பாதபடி எழுதுங்கள். இல்லையென்றால் நிரலைத் திருத்த உட்காரும்போது எண்கள் நிரலுக்குள்ளேயே வந்து விழும்.

படி 6: நிரலின் பொறுமை

'ஹை' 50 மில்லிசெகண்ட் நீடித்தால் எடுத்ததாகக் கொள்ளுங்கள். திரும்ப வைத்ததை மட்டும் 300 மில்லிசெகண்ட் காத்திருந்து உறுதி செய்யுங்கள், ஏனென்றால் குழியில் உட்காரும் முன் பாட்டில் ஆடும். இரண்டு பாட்டில்களை ஒன்றாக எடுத்தால் கடைசியாக எடுத்ததன் படம் ஓடட்டும். அதை வைத்ததும், இன்னும் கையில் இருப்பதன் படத்துக்கு மாறட்டும்.

படி 7: சோதனை

பாட்டிலைக் குழியின் விளிம்பில் சாய்த்து வையுங்கள். பக்கத்துப் பாட்டிலை அதன் அருகே கொண்டு வாருங்கள். தவறான விடை வந்தால் குழிகளைத் தள்ளி அமையுங்கள். பிறகு ஒரு குழந்தையை அழைத்து எதுவும் சொல்லாமல் விளையாட விடுங்கள். பாட்டிலை வைத்த பிறகும் படம் நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் அது குழியில் முழுதாக உட்காரவில்லை. நிரலைத் தொடும் முன் குழியின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சற்றுச் சரிவாக்குங்கள்.