வத்தல் ஜாடியைக் கெடுக்கும் தவறுகள்

மாசி பிறந்தால் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் கொல்லைக் கத்தரியும் கொத்தவரையும் மிளகாயும் முற்றத்து வெயிலுக்கு வந்துவிடும். புதிதாக வத்தல் போடுகிறவர்கள் உப்பைக் கூட்டிக் குறைத்துப் போட்டால் குழம்பில் சரிக்கட்டிக்கொள்ளலாம். கீழே சொல்லும் தவறுகளைச் சரிக்கட்ட முடியாது.

உள்ளே காயுமுன் ஜாடியில் அடைப்பது

நம்மூர் வெயிலில் கத்தரித் துண்டு இரண்டே நாளில் மேலே முறுகிவிடும். கைக்குக் காய்ந்தது போலவே இருக்கும். இருப்பதிலேயே தடித்த துண்டை எடுத்து ஒடித்துப் பாருங்கள். ‘படக்’கென்று ஒடியாமல் வளைந்து, நடுவில் தோல் மாதிரி இழுபட்டால் ஈரம் பாக்கி இருக்கிறது. ஜாடிக்குள் அந்த ஈரம் மெல்லக் கசிந்து மற்றத் துண்டுகளையும் நமுக்க வைக்கும். பங்குனியில் மூடியதை ஆனியில் திறந்தால் பூசண வாடை. 1 கிலோ கத்தரிக்காய்க்கு ஏறக்குறைய 100 கிராம் வத்தல்தான் தேறும். ஒரு ஜாடிக்குப் பின்னால் எத்தனை கிலோ காய், எத்தனை நாள் வேலை! அது ஒன்றிரண்டு அரைகுறைத் துண்டுகளால் குப்பைக்குப் போவதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

ஒரே கனத்தில் நறுக்குங்கள். உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் 2, 3 நிமிடம் விட்டு வடித்து, ஓலைப்பாயில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் சூடு ஆறட்டும். சுடச்சுட அடைத்தால் வேர்த்துவிடும். எடுத்த உடனே பீங்கான் ஜாடிக்குப் போகாதீர்கள், உள்ளே நடப்பது தெரியாது. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, 7 முதல் 10 நாள் தினமும் குலுக்குங்கள். கண்ணாடியில் முத்து முத்தாக நீர் கோத்தால் மறுபடி வெயில்தான். பூசணமே கண்டுவிட்டால் பொறுக்கிப் பார்க்க வேண்டாம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

மோர்மிளகாய்க்கு நாளுக்கொரு புது மோர்

வேண்டாம். பகலில் வெயில், இரவில் அதே மோர், மோர் வற்றும்வரை.

தக்காளியின் புளிப்பை நம்புவது

கொதிநீரில் வேகவைத்துப் பாட்டிலில் அடைக்க, புளிப்பைக் காட்டும் அளவான பிஎச் 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். தக்காளி அந்த விளிம்பில் நிற்கிற காய். 1 லிட்டர் பாட்டிலுக்கு அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் போடுங்கள். அதற்குப் பதில் எலுமிச்சையைப் பிழிய வேண்டாம், அதன் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும்.

கொத்தவரை, பீன்ஸைப் பாட்டிலில் அடைத்து வேகவைப்பது

புளிப்பில்லாத காய்களில் பாட்டுலினம் கிருமியின் வித்துகள் 100 டிகிரி கொதிநீருக்குச் சாகாது. மூடிய பாட்டிலுக்குள் அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு ஆளைக் கொல்லும். பல நேரம் வாடையிலோ நிறத்திலோ தெரியாது. அவற்றுக்கு 116 டிகிரிக்கு மேல் சூட்டை நிறுத்திவைக்கும் பிரஷர் கேனர் வேண்டும். சமையல் குக்கர் அதற்கு ஈடாகாது. கேனர் இல்லாத வீட்டில் கொத்தவரையை வத்தலாகவே போடுங்கள்.