எதற்குப் பதிலாக? இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்க முயல்வோர் செய்யும் தவறுகள்

எங்கள் ஆலோசனை அறைக்குப் பயிற்சிக்கு வந்திருந்த இளம் உணவியலாளர் ஒருவர், நடுவயதுக்காரர் ஒருவரிடம், “சர்க்கரையை மட்டும் நிறுத்திவிடுங்கள் ஐயா, மற்றதெல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினேழு ஆண்டுகளுக்கு முன் அதே சொற்களை அதே நம்பிக்கையோடு நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களில் சிலர் பின்னர் கொழுப்பு படிந்த கல்லீரலோடு திரும்பி வந்தபோதுதான் என் பிழை எனக்கே விளங்கியது. இனிப்பைக் குறையுங்கள், தினமும் நடந்து பழகுங்கள் என்பவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

இன்சுலின் எதிர்ப்பு என்பது, இரத்தத்தில் இன்சுலின் போதிய அளவு இருந்தும் தசையும் கல்லீரலும் அதன் சொல்லுக்குச் செவிசாய்க்காத நிலை. ஓர் உணவு அதைக் கூட்டுமா குறைக்குமா என்று யாராவது கேட்டால், “எதற்குப் பதிலாக அதை உண்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்காமல் என்னால் விடை சொல்ல முடிவதில்லை.

நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டு அளவை மறப்பது

வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி ஆகிய அனைத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சுக்ரோஸ் குடலில் உடையும்போது பாதி குளுக்கோஸாகவும் பாதி ஃப்ரக்டோஸாகவும் பிரிகிறது. குளுக்கோஸை உடல் முழுவதும் பங்கிட்டுக்கொள்கிறது. ஃப்ரக்டோஸின் பெரும்பகுதியைச் சமாளிக்கும் பொறுப்பு கல்லீரலின் மேல் விழுகிறது. தேவைக்கு மேல் வந்து சேர்வதில் ஒரு பகுதியைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடுகிறது.

கலிஃபோர்னியாவில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பருமன் கூடியவர்களுக்குப் பத்து வாரங்கள் அன்றாட ஆற்றலில் கால் பங்கை இனிப்புப் பானமாகவே கொடுத்தார்கள். குளுக்கோஸ் பானம் குடித்தவர்களுக்கும் ஃப்ரக்டோஸ் பானம் குடித்தவர்களுக்கும் எடை ஏறக்குறைய ஒரே அளவு கூடியது. ஆனால் வயிற்றின் உட்புறக் கொழுப்பு கூடியதும் இன்சுலினுக்கான உணர்திறன் குறைந்ததும் ஃப்ரக்டோஸ் குழுவில்தான். கால் பங்கு என்பது மிகப் பெரிய அளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழத்தில் உள்ள ஃப்ரக்டோஸுக்கு அஞ்சி வாழைப்பழத்தை ஒதுக்குவோருக்கு இந்த ஆய்வு எந்த நியாயமும் தருவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரைக்கு வைத்திருக்கும் வரம்பு, 2,000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம். இயன்றால் 25 கிராமுக்குள். தேனும் இந்தக் கணக்கில் அடங்கும். இரண்டு தேக்கரண்டி வீதம் நான்கு வேளை காபி குடிப்பவர் பலகாரம் எதையும் தொடாமலே 30 கிராமைக் கடந்துவிடுகிறார். இனிப்பு போதவில்லை என்று நாட்டுச் சர்க்கரையை மூன்று கரண்டியாக்குபவர், வெள்ளைச் சர்க்கரை போட்ட காலத்தைவிட மோசமான நிலைக்குப் போகிறார்.

கொழுப்பைக் கூட்டிவிட்டு, சோற்றை விடாமல் இருப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுமுறை தமிழகத்தில் வேகமாகப் பரவிய காலத்தில் நானும் இதைச் செய்தேன் என்பதால் அந்த எரிச்சலில் பாதி என் மீதானது.

“கொழுப்பு கெட்டதல்ல” என்று படித்த அன்றே காலைக் காபியில் வெண்ணெயும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் சேர ஆரம்பித்தன. மதியம் சாம்பார் சோறு வழக்கம்போல் வந்தது. அதன் மேல் முன்பைவிட இரண்டு மடங்கு நெய். மாலையில் முறுக்கோடு கூடுதலாக ஒரு கைப்பிடி பாதாம். சர்க்கரையை முற்றிலும் நிறுத்தியிருந்ததால் நோன்பு இருப்பவனின் பெருமிதம் வேறு. ஆறு மாதத்தில் இடுப்புச் சுற்றளவு 89 செ.மீ.இலிருந்து 95 ஆனது, இரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு 140இலிருந்து 238க்கு ஏறியது, ஸ்கேன் அறிக்கையில் கல்லீரலில் இரண்டாம் நிலைக் கொழுப்பு என்று எழுதியிருந்தது. பிறருக்கு உணவு ஆலோசனை சொல்லிச் சம்பாதிப்பவன் அந்த அறிக்கையை வீட்டில் யாருக்கும் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டேன்.

மாவுச்சத்தை உண்மையாகவே குறைத்து அந்த இடத்தில் கொழுப்பை வைப்பவருக்கு இன்சுலின் சுரப்பு தாழ்கிறது, பசி அடங்குகிறது, பெரும்பாலும் எடையும் இறங்குகிறது; எடை இறங்கினாலே இன்சுலின் எதிர்ப்பு தளரும். நான் செய்தது அதுவன்று. சோறு இன்சுலினை உயர்த்தியது. உயர்ந்த இன்சுலின் கொழுப்பு எரிவதை நிறுத்தி, வந்ததையெல்லாம் சேமிக்கச் சொன்னது. சேமிக்க வேண்டிய கொழுப்பையோ நானே கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டிருந்தேன். தோலடிக் கொழுப்புக் கிடங்கு நிறைந்த பின் மிச்சம் கல்லீரலிலும் தசையிலும் போய்த் தங்குகிறது. அங்கே டைஅசைல்கிளிசரால், செராமைடு போன்ற கொழுப்பு வடிவங்கள் திரண்டு, இன்சுலின் தரும் சமிக்ஞை உயிரணுவுக்குள் சென்று சேர்வதைக் கெடுக்கின்றன.

எந்தக் கொழுப்பு என்பதும் இங்கே முக்கியம். ஃபின்லாந்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், 38 பேருக்கு மூன்று வாரங்கள் நாள்தோறும் 1,000 கலோரி மிகையாகக் கொடுத்தார்கள். நிறைவுற்ற கொழுப்பை (வெண்ணெய்போல் எளிதில் உறையும் வகை) மிகையாக உண்டவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு 55 விழுக்காடு கூடியது. எளிய சர்க்கரைகளை உண்டவர்களுக்கு 33 விழுக்காடு. நிறைவுறாக் கொழுப்பை உண்டவர்களுக்கு 15 விழுக்காடு. நிறைவுற்ற குழுவினருக்கு இன்சுலின் எதிர்ப்பும் செராமைடும் கூடின. அவர்களுக்குக் கொடுத்தவை தேங்காய் எண்ணெய், வெண்ணெய், பாலாடைக்கட்டி. என் காலைக் காபியை யாரோ ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றதுபோல் இருந்தது அதைப் படித்தபோது.

சர்க்கரையா கொழுப்பா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடுவோர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. மிகைச் சர்க்கரையிலிருந்து கல்லீரல் புதிதாக உருவாக்கும் கொழுப்பில் முதன்மையானது பால்மிட்டிக் அமிலம். நெய்யிலும் பாமாயிலிலும் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பும் அதுவே. வெவ்வேறு வாசல் வழியாக வந்தாலும் இரண்டும் ஒரே கூடத்தில்தான் போய் உட்காருகின்றன. ஆகவே ஒன்றை நிறுத்திய புண்ணியத்தில் மற்றதை அளவின்றி உண்ணலாம் என்ற கணக்கு கல்லீரலிடம் செல்லாது.

வெண்ணெய் காபியை நிறுத்துங்கள் என்று சொன்னால், “கொழுப்பு நல்லது என்றுதானே இப்போது சொல்கிறார்கள்?” என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். சோற்றை விட்டுவிட்டீர்களா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். பாதாமுக்கும் வெண்ணெய்க்கும் இரண்டு ஆண்டுகள் செலவழித்து, அந்த இரண்டு ஆண்டுகளில் நீரிழிவின் எல்லையையும் தாண்டிவிட்டு வந்து நிற்பவரின் முன்னால் என்னால் சேர்ந்து சிரிக்க முடிவதில்லை.

எண்ணெயின் பெயரை மட்டும் பார்ப்பது

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடும் நெய்யில் 60 விழுக்காட்டுக்கு மேலும் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் அது 15 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. கடலை எண்ணெயில் 20க்குள். நெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய் என்றால் இன்சுலின் கணக்கில் அது ஆதாயம்தான். 2016இல் 102 உணவுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்விலும், மாவுச்சத்துக்கோ நிறைவுற்ற கொழுப்புக்கோ பதிலாகப் நிறைவுறாக் கொழுப்பின் ஒரு வகையான பன்மை நிறைவுறாக் கொழுப்பை வைத்தபோது இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது.

அளவை விட்டுவிட்டு வகையை மட்டும் மாற்றுவோர்க்கு 2001இல் வெளியான வேறோர் ஆய்வைச் சொல்வேன். நலமான 162 பேர் மூன்று மாதங்கள் பங்கேற்ற அதில், நிறைவுற்ற கொழுப்பு உண்டவர்களின் இன்சுலின் உணர்திறன் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தது. நிறைவுறாக் கொழுப்பின் மற்றொரு வகையான ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு உண்டவர்களுக்கு அது குறையவில்லை. ஆனால் மொத்த ஆற்றலில் 37 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பிலிருந்தே பெற்றவர்களிடம் அந்த நன்மை காணப்படவில்லை. செக்கில் ஆட்டிய எண்ணெய் என்பதற்காகத் தோசையைச் சுற்றி ஆறாக ஓடவிடுவோர் இந்த 37 விழுக்காட்டை நினைவில் வைக்கலாம்.

பழச்சாற்றைப் பழம் என்று எண்ணுவது

நார் போய்விட்டது, சர்க்கரை மட்டும் தங்கிவிட்டது.

மருந்தைப் பற்றிக் கேட்காமல் சோற்றைப் பாதியாக்குவது

இன்சுலின் ஊசி போடுபவர்களும் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை உண்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் இதைச் செய்யவே கூடாது. இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

மெலிந்த உடலை நம்பி நிம்மதியாக இருப்பது

கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும் வரை வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாகவே காட்டும். எடைக் கருவியும் நம்மவர்களுக்கு நல்ல சாட்சியன்று. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், பிரித்தானிய மருத்துவர் யூட்கினோடு தாம் நிற்கும் படத்தை 2004இல் வெளியிட்டார். இருவருக்கும் உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் அளவு) 22.3தான், உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற இடுப்புச் சுற்றளவு வரம்பை முதலில் பாருங்கள். தையற்காரரின் நாடா போதும்.

சோற்றை நிறுத்திய நிலையிலேயே குளுக்கோஸ் சோதனைக்குப் போவது

முழுமையான குறைமாவு உணவில் மூன்று மாதம் இருந்து எட்டு கிலோ குறைத்த ஒருவர், 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையில் இரண்டாம் மணி அளவு நீரிழிவின் எல்லையான 200ஐத் தாண்டிவிட்டது என்று கலங்கிப்போய் வந்தார். மாவுச்சத்தைக் குறைத்து உண்பவர்களின் உடல் திடீரென்று வரும் குளுக்கோஸைக் கையாளத் தடுமாறும் என்பதை பிரித்தானிய மருத்துவர் ஹிம்ஸ்வொர்த் 1930களிலேயே காட்டியிருக்கிறார். சோதனைக்கு முன் மூன்று நாள்களாவது தினம் 150 கிராம் மாவுச்சத்து உண்ண வேண்டும் என்ற நடைமுறை இதனால்தான் இருக்கிறது. மருத்துவரின் ஒப்புதலோடு மூன்று நாள் இட்லியும் சோறும் உண்டுவிட்டு மீண்டும் போகச் சொன்னேன். இம்முறை 128 வந்தது.